விதைக்கு முதலில், சந்தைக்கு அப்புறம்: நல்ல வம்சத்தை நாமே தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

கோயில் கொடைக்கு ஆடு வாங்க வருகிறவர் முதலில் கைவைப்பது, மந்தையிலேயே நன்றாக வளர்ந்த கிடாக்குட்டியின் முதுகில்தான். நல்ல விலை சொல்வார், கொடுத்துவிடுகிறோம். விற்காமல் மிஞ்சிய நோஞ்சான் கிடாதான் அடுத்த ஈட்டுக் குட்டிகளுக்கெல்லாம் தகப்பன். தேங்காயிலும் இதே கதை. பெரிய காயெல்லாம் லாரி ஏறிப் போகும். விளையின் (தோப்பின்) மூலையில் தானாக முளைத்துக் கிடந்த நெற்றை எடுத்து நடுவோம். அப்புறம், "முன்னைப்போல காய்ப்பு இல்லை, மண்ணு கெட்டுப்போச்சு" என்று பேசிக்கொள்வோம்.

யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனாலும் இது தேர்வுதான், தலைகீழாக நடக்கிற தேர்வு. அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராக எதை நிறுத்துகிறோமோ அதன் குணம்தான் பெருகும். மனிதன் காட்டுச் செடியைப் பயிராக்கியதும் இப்படித் தெரியாமல் செய்த தேர்வில்தான் தொடங்கியது. காட்டு நெல்லின் மணி முற்றியதும் தானே உதிர்ந்து மண்ணில் விழுந்துவிடும். உதிராமல் கதிரில் ஒட்டிக்கொண்டிருந்த மணிகள்தான் அறுத்தவர் வீட்டுக்கு வந்தன, அவைதான் மறுபடி விதையாயின. பல நூறு தலைமுறை இப்படிப் போனபின், அறுக்கும்வரை காத்துநிற்கிற நெல் நமக்குக் கிடைத்தது. புறா வளர்த்துப் பார்த்தே இந்த விஷயத்தை ஆராய்ந்த டார்வின், தெரிந்து செய்யும் தேர்வு, தெரியாமல் செய்யும் தேர்வு என்று இரண்டையும் பிரித்தே எழுதினார்.

தெரியாமல் செய்வதைத் தெரிந்து செய்வதற்கான வழிகளைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் குமரி மாவட்டத்தில் சாதாரணமாக ஒரு வீட்டில் இருக்கக்கூடிய தென்னை, நெல், வாழை, மரச்சீனி (மரவள்ளி), கோழி, ஆடு இவற்றை வைத்தே சொல்கிறேன். ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் கொஞ்சம் பெயின்டும் போதும்.

முதல் படி: என்ன வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

ஒரு குணம், மிஞ்சிப்போனால் இரண்டு. அதற்கு மேல் ஆசைப்பட்டால் வேலை நடக்காது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்று என்ற அளவில் நல்ல உயரம், பத்தில் ஒன்று என்ற அளவில் நல்ல காய், பத்தில் ஒன்று என்ற அளவில் நோய் தாங்கும் திறன், மூன்றும் ஒரே செடியில் வேண்டுமென்றால், ஆயிரம் செடியைப் பார்த்தால்தான் ஒன்று தேறும். ஒரு குணம் மட்டும் போதுமென்றால் பத்துச் செடியிலேயே கிடைத்துவிடும்.

குணத்தை அளக்கிற மாதிரி எழுதிக்கொள்ளுங்கள். "நல்ல கோழி" என்று எழுதினால் பயனில்லை. "ஒரு ஈட்டுக்கு எத்தனை முட்டை", "எத்தனை குஞ்சு பருந்துக்கும் நோய்க்கும் தப்பி வளர்ந்தது" என்று எழுதினால்தான் அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

இரண்டாம் படி: அது எப்படி இனம் பெருகுகிறது?

இது தெரியாமல் தேர்ந்தெடுத்தால் உழைப்பு வீண். மூன்று விதம் உண்டு.

ஒன்று, தாய் தந்தை இரண்டும் வேறு வேறாக இருப்பவை: நெட்டைத் தென்னை, பலா, ஆடு, கோழி. இவற்றில் பிள்ளைகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. கெட்டிச் சுளை உள்ள வருக்கைச் சக்கை (பலாப்பழம்) தின்றுவிட்டுக் கொட்டையைப் புதைத்தால் குழைந்த சுளை உள்ள கூழன் முளைத்து நிற்பது இதனால்தான். செங்கவருக்கை மாமரம் அதே சுவையோடு வேண்டுமென்றாலும் ஒட்டுக்கட்டித்தான் ஆகவேண்டும்.

இரண்டு, தன் பூவுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கை முடித்துக்கொள்பவை: நெல், உளுந்து, பயறு. பிள்ளை பெரும்பாலும் தாயைப்போலவே இருக்கும்.

மூன்று, விதையே இல்லாமல் கன்றாலும் கம்பாலும் பெருகுபவை: வாழை, மரச்சீனி, பதியன் போடும் பிச்சி, ஒட்டுக்கட்டும் ரப்பர். இங்கே பிள்ளை என்பது அதே செடியின் இன்னொரு துண்டுதான்.

முதல் வகையில் பெற்றோர் இருவரையும் பார்க்கவேண்டும். இரண்டாவதில் தனிச்செடியைப் பார்த்தால் போதும். மூன்றாவதில் நோயில்லாத தாயைப் பார்ப்பதுதான் முக்கால்வாசி வேலை.

மூன்றாம் படி: தென்னையில் தாய்மரம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காரணம், தென்னையில் தவறான பிள்ளையை நட்டால் தெரிவதற்கே ஆறேழு வருடம் ஆகும், அறுபது வருடம் அது நிலத்தை அடைத்து நிற்கும். ஈத்தாமொழி நெட்டைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த மாவட்டம் இது. நல்ல தாய்மரம் தேடி வெளியூர் போகவேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

மரங்களுக்கு எண் போடுங்கள். 45 நாளுக்கு ஒருமுறை வெட்டு என்றால் வருடத்துக்கு 8 வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் மரம் ஏறுகிறவர் இறங்கியதும் காயை மரத்தடியிலேயே எண்ணி நோட்டில் எழுதிவிடவேண்டும். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கூட்டியபின் எந்த மரம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஒரு வருடக் கணக்கை நம்பக்கூடாது. தென்னையில் பாளைக்கான மொட்டு, பாளை வெடிப்பதற்கு இரண்டரை வருடத்துக்கும் முன்னாலேயே கொண்டைக்குள் உருவாகிவிடுகிறது. அதன்பின் காய் முற்ற 12 மாதம். ஆக, இன்றைக்கு வெட்டுகிற குலை, மூன்றரை வருடத்துக்கு முந்தைய மழையையும் வறட்சியையும் சுமந்துகொண்டு வருகிறது. நாலு வருடக் கணக்கு இருந்தால்தான் மரத்தின் உண்மையான குணம் தெரியும்.

தாய்மரத்துக்கு வயது 25 முதல் 40 வரை இருக்கலாம். கொண்டையில் 30 மட்டைக்கு மேல் விரிந்திருக்கவேண்டும், ஒவ்வொரு மட்டைக் கக்கத்திலும் ஒரு குலையோ பாளையோ இருக்கவேண்டும். மட்டைக்காம்பும் குலைக்காம்பும் குட்டையாக, தடித்து இருப்பது நல்லது. நீண்டு மெலிந்த காம்பில் குலை தொங்கி ஒடியும். மானாவாரியில் வருடத்துக்கு 80 காய், தண்ணீர் பாயும் விளையில் 100 காய்க்குக் குறையக்கூடாது. காய் நடுத்தர அளவு போதும், ஆனால் உரித்துக் காயவைத்தால் கொப்பரை 150 கிராமாவது தேறவேண்டும். பருப்புப் பிடிக்காத வெறுங்காய் காய்க்கும் மரத்தையும், குரும்பை அதிகம் கொட்டும் மரத்தையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

எருக்குழி ஓரம், தொழுவத்துப் பக்கம், வீட்டுக் கழிவுநீர் பாயும் இடம், இங்கெல்லாம் நிற்கிற மரம் எவ்வளவு காய்த்தாலும் தாயாக எடுக்காதீர்கள். அந்தக் காய்ப்பு சாணியின் காய்ப்பு. பிள்ளைக்கு வம்சம் போகும், எருக்குழி கூடப் போகாது. விளையின் நடுவில், மற்ற மரங்களுக்குக் கிடைக்கிற அதே சோற்றைத் தின்று, அவற்றைவிட அதிகம் காய்க்கிற மரம்தான் நமக்கு வேண்டும்.

கேரள வாடல் நோய் உள்ள இடமென்றால் கணக்கு மாறும். சுற்றி நிற்பவை ஓலை சோர்ந்து வளைந்து கிடக்க, நடுவில் பல வருடமாக ஒரு அறிகுறியும் இல்லாமல் காய்க்கிற மரம் இருந்தால், காய் கொஞ்சம் குறைந்தாலும் அதுதான் பொக்கிஷம். காயங்குளத்தில் உள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையமும் நோய் மிகுந்த தோப்புகளில் தாக்குப்பிடித்த மரங்களைத் தேடித்தான் கல்பஸ்ரீ, கல்பரக்ஷா, கல்ப சங்கரா ரகங்களைக் கொண்டுவந்தது.

இனி தந்தை. நெட்டைத் தென்னையில் பாளை வெடித்ததும் முதலில் ஆண்பூக்கள் மலர்ந்து ஏறக்குறைய 3 வாரத்தில் உதிர்ந்து தீர்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் அதே பாளையின் பெண்பூ மகரந்தம் ஏற்கத் தயாராகும். அதனால் தகப்பன் பெரும்பாலும் பக்கத்து மரம். காற்றும் தேனீயும் கொண்டுவந்தது. குட்டைத் தென்னையில் இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் அது தன்னைத்தானே சேர்த்துக்கொள்ளும்.

இதைக் கண்ணாலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. செவ்விளநீர்க் குட்டை மரத்தின் நெற்றுகளை நாற்றங்காலில் போட்டு, முளைத்த பிள்ளைகளின் மட்டைக்காம்பை உட்கார்ந்து பாருங்கள். சிலது தாயைப்போலவே பளிச்சென்ற செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும். அவற்றுக்குத் தாயும் தந்தையும் ஒரே மரம், அல்லது இன்னொரு செவ்விளநீர் மரம். இடையிடையே சிலது பச்சையும் தவிட்டு நிறமும் கலந்து வெண்கலப் பாத்திரம் மங்கினாற்போல இருக்கும். அவை பக்கத்து நெட்டை மரத்துக்குப் பிறந்தவை, கலப்பினப் பிள்ளைகள். அவை பெரும்பாலும் கொஞ்சம் தடித்து, வேகமாகவும் வளரும். பரம்பரை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. 1932-ல் வடகேரளத்து நீலேஸ்வரத்தில் ஜே. எஸ். படேல் நெட்டையையும் குட்டையையும் கையால் சேர்த்து முதல் கலப்பினத் தென்னையை உருவாக்கியதும் இந்த வேகத்தை வெளிக்கொண்டுவந்ததுதான். ஆனால் ஒன்று: கலப்பின மரத்தின் காயை விதைக்குப் போடாதீர்கள். அதன் பிள்ளைகளில் தாத்தா பாட்டி குணமெல்லாம் பிரிந்து, ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று இரண்டுமில்லை என்று வரும்.

தகப்பன் தெரியாதபோது தாயை எப்படி நம்புவது? பிள்ளைகளை வைத்துத்தான். சில மரங்களின் நெற்று, மகரந்தம் எங்கிருந்து வந்தாலும், போட்டது முக்கால்வாசியும் ஒரே சீராக வாளிப்பாக வரும். சில மரம் தான் நன்றாகக் காய்க்கும், பிள்ளையோ சோப்ளாங்கியாக வரும். அதனால் மரத்துக்கு 20 நெற்றாவது தனித்தனிப் பாத்தியில், மர எண்ணைக் குச்சியில் எழுதி நட்டுப் போடுங்கள். எந்தப் பாத்தி சீராக வருகிறதோ அந்த மரம்தான் உண்மையான தாய்.

நான்காம் படி: நாற்றங்காலில் கழிப்பது

பிப்ரவரி முதல் மே வரை வெட்டும், 11 முதல் 12 மாதம் முற்றிய நெற்றை எடுங்கள். தரை கெட்டியாக இருந்தால் குலையைக் கயிறு கட்டி இறக்கவேண்டும். ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்கவேண்டும். நிழலில் மணல் பரப்பி வைத்திருந்து, ஜூன் மழையில் நடலாம்.

5 மாதத்துக்குள் முளைக்காததைப் பிடுங்கி எறியுங்கள். முந்தி முளைப்பது முந்தி பாளை விடும், நல்ல காய்ப்பும் தரும் என்பது பலகாலம் பார்த்து உறுதியான சங்கதி. ஒரு வயதுப் பிள்ளைக்குக் கழுத்துச் சுற்றளவு 10 செ.மீ.க்குக் குறையாமல், 6 ஓலையாவது இருக்கவேண்டும். ஓலை கீற்றுகீற்றாகச் சீக்கிரம் பிரிந்திருந்தால் இன்னும் நல்லது. நூறு நெற்று போட்டால் அறுபது பிள்ளை தேறினால் சந்தோஷப்படுங்கள். கழித்ததை இலவசமாகக்கூட யாருக்கும் கொடுக்காதீர்கள். அது வேறொருவர் விளையில் அறுபது வருடம் நிற்கும்.

ஐந்தாம் படி: நெல்லில் கதிர்த் தேர்வு

உப்புக் கரைசலில் முட்டையை மிதக்கவிட்டு, நெல்லைக் கொட்டிப் பதரை நீக்குவது நமக்குப் பழக்கம்தான். நல்ல பழக்கம், விடவேண்டாம். ஆனால் அது மணியின் கனத்தைத்தான் பார்க்கிறது, வம்சத்தைப் பார்ப்பதில்லை. வம்சத்தை வயலில் கதிர் நிற்கும்போதே பார்க்கவேண்டும்.

வரப்போரத்தை விட்டுவிடுங்கள். அங்கே வெயிலும் உரமும் கூடுதலாகக் கிடைக்கும், கதிர் பெரிதாகத்தான் இருக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த யோகான்சன் என்ற அறிவியலாளர் 1903-ல் அவரை விதைகளை வைத்து இதைத் தெளிவாகக் காட்டினார். தன்மகரந்தச் சேர்க்கையால் வந்த ஒரே வம்சத்துக்குள் பெரிய விதையைப் பொறுக்கிப் போட்டாலும் சின்ன விதையைப் பொறுக்கிப் போட்டாலும் அடுத்த விளைச்சலின் சராசரி ஒன்றாகவே இருந்தது. வித்தியாசம் மண்ணாலும் இடத்தாலும் வந்தது, விதைக்குள் அது இல்லை. வெவ்வேறு வம்சங்கள் கலந்து கிடக்கிற வயலில்தான் தேர்வுக்குப் பலன் உண்டு. பல வருடமாகக் கைமாறி வந்த நாட்டு ரக நெல்லில் இப்படிக் கலந்து கிடப்பது சகஜம்.

வயல் நடுவில் நடந்து, நீங்கள் நினைத்த குணம் உள்ள ஐம்பது அறுபது கதிரைத் தனித்தனியே அறுத்து, ஒவ்வொன்றையும் தனிக் காகிதப் பொட்டலத்தில் வையுங்கள். கன்னிப்பூப் பருவத்தில் எடுத்தால் அடுத்த கன்னிப்பூவில் நடுங்கள்; அடுத்த நெல் பருவமான கும்பப்பூவுக்கு மாற்றினால் பகல் நீளமும் மழையும் மாறி, ஒப்பீடு குழம்பும். ஒரு கதிருக்கு ஒரு வரிசை. வரிசை முழுக்க ஒரே சீராக வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். கலந்து வந்தால் அந்த வரிசையையே கழியுங்கள். நாலைந்து வரிசைக்கு ஒன்று, பழைய கலப்பு விதையையும் நட்டுவையுங்கள். அது பக்கத்தில் நின்றால்தான் நம் தேர்வு உண்மையிலேயே மேலா என்று சொல்லமுடியும். இரண்டு மூன்று பூவில் கை நிறைய சுத்தமான விதை சேர்ந்துவிடும்.

புதிய கலப்பு செய்வது வேறு வேலை. அம்பாசமுத்திரத்தில் ஆடுதுறை 31-ஐயும் கோ 39-ஐயும் சேர்த்து 1986-ல் வெளியிட்ட அம்பை 16 நெல் ரகம் நாஞ்சில் நாட்டு வயல்களில் எப்படி இடம்பிடித்தது என்று உங்களுக்கே தெரியும். முதல் நாள் மாலையில் பூவின் நுனியை வெட்டி 6 மகரந்தப் பையையும் எடுத்துவிட்டு, மறுநாள் காலை பூ திறக்கும் நேரத்தில் அடுத்த ரகத்தின் மகரந்தத்தைத் தட்டவேண்டும். அதன்பின் ஆறேழு தலைமுறை பிரித்துப் பிரித்துப் பொறுக்கினால்தான் ரகம் நிலைக்கும். ஆசை இருந்தால் திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டு, நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். எழுத்தில் படித்து வராது.

ஆறாம் படி: கன்றும் கம்பும்

மட்டி, ஏத்தன், செந்துளுவன் வாழைகளில் ஒவ்வொரு கன்றும் அதன் தாயின் துண்டே என்பதால் தேர்வு இரண்டே விஷயத்தில். ஒன்று, நோயில்லாத, நல்ல குலை தள்ளிய வாழையின் ஈட்டிக்கன்று. அகன்ற இலை விட்ட நீர்க்கன்று வேண்டாம். அறுவடை முடிந்தபின் கன்று தேடாமல், குலை நிற்கும்போதே தாயைப் பார்த்து நாரைக் கட்டி அடையாளம் வையுங்கள். இரண்டு, தானாக மாறி வரும் கன்று. செந்துளுவனில் எப்போதாவது ஒரு கன்று பச்சையாக மாறிவரும், காயும் பச்சையாகவே இருக்கும். விதையில்லாத பயிரில் புதிய ரகம் பிறப்பது பெரும்பாலும் இப்படித்தான். கூட்டத்தில் வித்தியாசமாக நிற்கும் வாழையை வெட்டி எறியுமுன் பழத்தைத் தின்று பாருங்கள்.

மரச்சீனியில் தளிர் சுருங்கி மஞ்சள் திட்டு விழுவது தேமல் நோய். கம்பை வெட்டி வைத்தபின் இது தெரியாது. அதனால் செடி பச்சையாக நிற்கும்போதே தேமல் இல்லாத மூட்டில் துணி கட்டிவையுங்கள். அந்த ஒரு வேலையே கிழங்கு எடையைக் கூட்டும்.

ரப்பரில் நம்மவர்கள் அதிகம் நட்டிருக்கும் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105, ஜாவாவிலிருந்து வந்த ஜிர் 1, மலேயாவிலிருந்து வந்த ஜி.எல். 1 இரண்டுக்கும் பிறந்த ஒரே ஒரு மரத்தின் மொட்டுகள். பால் அதிகம்; பிங்க் நோய் வந்தால் தோட்டம் முழுக்க ஒரே மாதிரி வாங்கும். ஒரே வம்சத்தை மலை முழுக்க வைப்பதன் விலை அது.

ஏழாம் படி: கோழியும் ஆடும்

சேவல் ஒன்று, பெட்டை எட்டு முதல் பத்து. குஞ்சுகளின் குணத்தில் பாதி அந்த ஒரு சேவலிடமிருந்து வருவதால், பெட்டைகளைவிட அதைத் தேர்வதில்தான் கவனம் வேண்டும். அதிகம் முட்டையிட்ட பெட்டையின் மகனாகப் பாருங்கள். சேவல் முட்டையிடாது, ஆனால் அந்தக் குணத்தைக் கடத்தும். எந்த முட்டை எந்தப் பெட்டையுடையது என்று பென்சிலால் ஓட்டில் எழுதுங்கள். சேவலை மாற்றிய உடனே அடை வைத்தால் ஏமாந்துபோவீர்கள்: பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரத்துக்கு மேல்கூட உயிரோடு இருக்கும். 3 வாரம் பொறுத்து வரும் முட்டையை அடை வையுங்கள்.

முட்டை அதிகம் வேண்டுமா, நன்றாக அடைகாத்துக் குஞ்சு வளர்க்கும் பெட்டை வேண்டுமா என்பதையும் முதலிலேயே தீர்மானியுங்கள். அடை படுத்திருக்கும் நாளில் முட்டை இருக்காது. இரண்டையும் ஒரே கோழியில் உச்சத்துக்குக் கொண்டுபோக முடியாது.

ஆட்டில், குட்டிகள் 3 மாதம் தாண்டுவதற்குள் தேர்வு முடிந்துவிடவேண்டும். இரட்டைக் குட்டி ஈன்று இரண்டையும் பாலூட்டி வளர்த்த தாயின் கிடாக்குட்டியில், வேகமாக எடை ஏறியதை வைத்துக்கொண்டு மற்றவற்றுக்குக் காயடித்துவிடுங்கள். கொடைக்கு எவ்வளவு விலை கேட்டாலும் இந்த ஒன்றைக் கொடுக்காதீர்கள். ஒரு கிடா 25 பெட்டைக்குப் போதும். இரண்டு வருடத்தில் அதன் மகள்கள் பருவத்துக்கு வந்துவிடும். அதற்குமுன் வேறு ஊர்க் கிடாவோடு மாற்றிக்கொள்ளுங்கள். அப்பன்–மகள், அண்ணன்–தங்கை சேர்ந்தால் மறைந்து கிடக்கும் குறைகள் வெளியே வரும்: குட்டி சிறுக்கும், செத்துப் பிறக்கும், சினை நிற்காது.

மாட்டுக்குச் சினை ஊசி போடும்போது உறைவிந்துக் குச்சியில் அச்சடித்திருக்கும் காளை எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். பிறக்கும் கன்று வளர்ந்து அதற்குச் சினை ஊசி போடும்போது அதே எண் வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

எட்டாம் படி: மற்றதை அழித்துவிடாதீர்கள்

ஒரே குணத்தைத் துரத்தினால் கேட்காமலே மற்றவை போகும். பால் ஒன்றையே பார்த்துக் கலப்பினம் பெருகியபோது, குறைந்த தீனியில் வாழ்ந்த சின்ன வெச்சூர்ப் பசு கேரளத்தில் காணாமலே போகப் பார்த்தது. 1989-ல் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தில் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் வீடுவீடாகத் தேடிப்பிடித்து மீட்டார்கள். அதனால் விளையில் ஒரே தாய்மரத்தின் பிள்ளைகளை மட்டும் நடாதீர்கள். ஐந்தாறு தாய் இருக்கட்டும். நெல்லில் தேர்ந்த வரிசை இரண்டு மூன்றைத் தனித்தனியே வைத்திருங்கள்.

பொறுக்கிய விதையை வைத்திருக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, பெயர் முத்திரை போடாமல் விற்க, 2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் நமக்கு உரிமை தருகிறது. சீரான ரகமாகிவிட்டால் உங்கள் பெயரிலேயே பதிவும் செய்யலாம். பதிவுக்குப் போகுமுன், ஒரு கைப்பிடி விதையை வேறொரு கிராமத்தில் நம்பகமான ஒருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள். வெள்ளத்திலோ எலியாலோ இங்கே போனால் அங்கிருந்து வாங்கிக்கொள்ளலாம். நோட்டின் ஒரு நகலும் அவரிடம் இருக்கட்டும்.